ஏலத்தில் போன டப்பா

வயல் இல்லாத இடத்தில் அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிறவர்கள் நாங்கள். மும்பை தாராவியில் நெல்லும் விளையாது, கம்பும் விளையாது. இப்போதெல்லாம் கட்டடம்தான் விளைகிறது. ஆனாலும் எங்கள் சபையில் வருஷம் தவறாமல் பண்டிகை உண்டு. முதற்பலன் என்று எதைக் கொண்டுவருவது? அவரவர் கை எதைச் செய்கிறதோ அதை. தோல் பட்டறைக்காரர்கள் மணிபர்ஸும் பெல்ட்டும் கொண்டுவருவார்கள். தையல்காரர்கள் பள்ளிக்கூட யூனிபார்ம் கொண்டுவருவார்கள். அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் இருக்கிறவர்கள் பால்கனித் தொட்டியில் காய்த்த நாலு கத்தரிக்காயைத் தட்டில் வைத்து, ஏக்கர் கணக்கில் அறுத்து முடித்தவர்களைப் போல நிமிர்ந்து நடந்து வருவார்கள். எதுவும் செய்யத் தெரியாதவர்கள் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய வாழைத்தாரோடு வருவார்கள். ஆண்டவர் அதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

நான் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைக்க முடியாது. சில நாட்களில் அப்படியே விட்டுவிட்டு வரலாம் என்று தோன்றும், அது வேறு. அதனால் பண்டிகைக்கு முந்திரிக்கொத்து செய்துகொண்டு போவேன். பாசிப்பயற்றை வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகில் தேங்காயோடு உருட்டி, மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டு எடுப்பது. பெருமைக்குச் சொல்லவில்லை, என் முந்திரிக்கொத்துக்குச் சபையில் ஒரு பெயர் இருக்கிறது. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

காணிக்கைகளையெல்லாம் பீடத்துப் படிகளில் குவித்து ஜெபித்த பிறகு, வெளியே பந்தலில் ஏலம் நடக்கும். அதில் எங்கள் சபைக்கென்று சில வழக்கங்கள் உண்டு. மூடி போட்ட பாத்திரத்தைத் திறக்காமல்தான் ஏலம் விடுவோம். எப்போதோ ஒருமுறை திறந்து பார்த்த யாரோ, "இவ்வளவுதானா" என்று வாய்விட்டுக் கேட்டு, கொண்டுவந்த அம்மா அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாராம். அன்றைக்கு வந்த சட்டம். ஆகவே உள்ளே இருப்பதற்கல்ல, கொண்டுவந்தவரின் பெயருக்குத்தான் விலை. ஏலத்தில் எடுத்ததை எடுத்தவர் மட்டும் வீட்டில் வைத்துத் தின்னக்கூடாது, இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அடுத்த வழக்கம். காலிப் பாத்திரம் மட்டும் அதில் வெட்டியிருக்கும் பெயரைப் பார்த்துச் சாவகாசமாகத் திரும்பி வரும். சில பாத்திரங்கள் ஈஸ்டர் வரைக்கும் வராது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். சபையின் மாத இதழில் கடைசிப் பக்கம் என்னுடையது. சின்னச் சின்னத் தியானங்கள் எழுதுவேன். குக்கர் விசில் அடித்தால் அதில் ஒரு பாடம், ரயிலில் யாராவது நகர்ந்து இடம் கொடுத்தால் அதில் ஒரு பாடம். "டீச்சர் கண்ணுல ஒண்ணும் தப்பாது, அடுத்து நம்மள வச்சி என்ன எழுதப் போறாவளோ" என்று கேலி செய்வார்கள். விசுவாசத்தைப் பற்றி நான் எழுதாத மாதம் கிடையாது. பயப்படாதிருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது.

செம்பூரில் ஒரு டாக்டரிடம் போனோம். ஊசி போட்டுச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சந்தேகமாக இருக்கிறது, பெரிய கேன்சர் ஆஸ்பத்திரியில் இன்னொரு முறை பார்த்துச் சொல்லட்டும் என்றார். லேபிலிருந்து என் சதை ஒட்டிய கண்ணாடித் துண்டுகளையும், சதையை மெழுகில் பதித்து வைத்த சின்னக் கட்டியையும் வாங்கிக் கையில் கொடுத்தார்கள். "பத்திரம். கண்ணாடி ஒடஞ்சா பரவால்ல, இந்த மெழுகு போச்சுன்னா மறுபடி ஊசிதான், மறுபடி மொதல்லேர்ந்துதான்" என்றார் லேபில் இருந்த பெண். திங்கட்கிழமை காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நாளை வாங்குவதற்கே என் கணவர் படாத பாடு பட்டிருந்தார்.

இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். சபையில் ஜெபக் குறிப்பு கொடுக்கவில்லை. கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காலையில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படங்கள் வரிசைகட்டும். சாயங்காலம் ஊரில் நாசரேத்திலிருந்து யாராவது போன் போட்டு, தங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று விஸ்தாரமாகச் சொல்வார்கள். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பயப்படாதே என்று எழுதின கைக்குச் சொந்தக்காரி ராத்திரியெல்லாம் பயந்துகொண்டு படுத்திருக்கிறாள் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? உண்மையைச் சொன்னால், ஆண்டவரிடமே நான் அதைச் சொல்லவில்லை. வழக்கம்போல் ஜெபித்தேன். பள்ளிக்கூடத்துக்காக, நாட்டுக்காக, வெளியூர் ஊழியங்களுக்காக. கட்டியின் பக்கம் வந்ததும் ஆமென் போட்டுவிடுவேன்.

எங்கள் வீட்டில் விலை உயர்ந்தது எதுவானாலும் எவர்சில்வர் டப்பாவுக்குள் போய்விடும். சுனாபட்டியில் எங்கள் பழைய கட்டடம் மழைக்கு ஒழுகும், எலியும் உண்டு. பாஸ்போர்ட், கேஸ் புத்தகம், கல்யாணத் தாலியின் பழைய நூல் எல்லாம் டப்பாவில்தான். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கண்ணாடித் துண்டுகளையும் மெழுகையும் பிளாஸ்டிக் கவரில் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ரயில் நெரிசலில் நசுங்கிவிட்டால்? பழைய பருத்திச் சேலையைக் கிழித்துச் சுற்றி, டப்பாவில் வைத்து அழுத்தி மூடினேன். என் கல்யாணத்துக்கு வந்த ஜோடி டப்பாக்களில் ஒன்று அது. இன்னொன்றில் முந்திரிக்கொத்து இருந்தது. இரண்டிலும் என் பெயர்தான் வெட்டியிருக்கும்.

மறுநாள் ஞாயிறு, பண்டிகை. காலையில் நான் சேலை கட்டிக்கொண்டிருக்கும்போது, "டப்பாவ எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டார் கணவர். "எடுத்துக்கிடுங்க" என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆராதனை நன்றாக நடந்தது. பீடத்துப் படிகளில் வாழைத்தாருக்கும் யூனிபார்முக்கும் நடுவில் என் டப்பா பளபளவென்று உட்கார்ந்திருந்தது. எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் குவியலின் மேல் கையை நீட்டி நீண்ட ஜெபம் செய்தார். இவற்றைக் கொண்டுவந்தவர்களைக் கண்ணோக்கிப் பாரும், இவற்றில் குறை எதுவும் இருந்தால் நீக்கும், இவற்றை உம்முடையதாக எடுத்துக்கொள்ளும் என்றார். எல்லாரும் சத்தமாக ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன், மனசு மறுநாளைச் சுற்றிக்கொண்டிருந்தது.

பந்தலில் ஏலம் போடுகிறவர் மளிகை வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சி. அவருக்கு மைக் தேவையே இல்லை, வழக்கத்துக்காகப் பிடித்துக்கொள்வார். என் டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கி, "டீச்சர் முந்திரிக்கொத்து! போன வருசம் தின்னவன் இன்னும் நாக்க நக்கிட்டிருக்கான்!" என்று கூவினார். விலை ஏறியது. இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் போட்டி போட்டார்கள். ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!" கடைசியில் அணுசக்தி நகரில் டெக்னீஷியனாக இருக்கும் ஒரு அண்ணாச்சி எடுத்தார். நல்ல விலை. நான் எங்கும் பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் பூரித்துப்போனேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் அந்த வாரத்திலேயே கட்டியை நான் மறந்திருந்த நேரம்.

சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசனச் சாப்பாடு முடிந்து வீடு திரும்பி, மறுநாளைக்கு ஃபைலை எடுத்து வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். ஒரு டப்பா இருந்தது. கனமாக இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே முந்திரிக்கொத்து.

டப்பாவோடு கணவரிடம் ஓடினேன்.

"ஏங்க! எந்த டப்பாவ எடுத்தீங்க?"

"நீதானே எடுத்துக்கிடச் சொன்ன? மேல இருந்தத எடுத்தேன்."

"தூக்கும்போது தெரியலையா? ரெண்டு கிலோ முந்திரிக்கொத்துக்கும் ஒரு துணிக்கும் வித்தியாசம் தெரியாதா ஒரு மனுசனுக்கு?"

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "லேசாத்தான் இருந்துச்சு பிள்ள. ஒனக்கு முடியல, இந்த வருசம் கொஞ்சமாத்தான் செஞ்சிருப்பன்னு நெனச்சேன். கேட்டா வெசனப்படுவியேன்னுதான் கேக்கல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கத்தினேன். அவரைச் சொன்னேன், டப்பாவைக் கல்யாணத்துக்குக் கொடுத்தவரைச் சொன்னேன், ஒரே மாதிரி இரண்டு செய்தவனைச் சொன்னேன். வாய் ஓய்ந்தபோது அழுகை வந்தது. மறுபடி ஊசி, மறுபடி நாள் வாங்கி, மறுபடி அந்தச் சந்தேகத்தோடு கிடக்க வேண்டும். என்னால் முடியாது என்று தோன்றியது.

அணுசக்தி நகர் அண்ணாச்சிக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அசனம் சாப்பிட்டுவிட்டு வீட்டில் எல்லாரும் தூங்கியிருக்க வேண்டும். அடுத்து ஏலம் போட்டவரைக் கூப்பிட்டேன். "டப்பா மாறிப்போச்சு அண்ணாச்சி" என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். "டப்பாதானே டீச்சர், எங்க போயிரும்? சாவகாசமா வரும். இப்ப என்ன ஜல்தி?"

"அவசரம் அண்ணாச்சி."

"அப்படி என்ன தங்கமா வச்சிருக்கீங்க அதுல?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். பொய் எதுவும் வரவில்லை. "அதுல என் பயாப்ஸி இருக்கு" என்றேன். "மார்புல கட்டி. நாளைக்குக் காலையில அத ஆஸ்பத்திரியில கொடுக்கணும்."

எப்போதும் கூவிக்கொண்டே இருக்கும் மனுஷர். அன்றைக்குக் குரலை இறக்கி, "நீங்க ஆட்டோ பிடிச்சி அவுக குவார்ட்டர்ஸ் கேட்டுக்குப் போங்கம்மா. நான் போன் போட்டுக்கிட்டே இருக்கேன். அவுகள எழுப்பாம விடமாட்டேன்" என்றார். அந்தச் செய்தியை வெளி ஆள் ஒருவரிடம் நான் சொன்னது அதுவே முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை. சொன்ன பிறகு மூச்சு கொஞ்சம் ஆழமாக இறங்கியது என்பதையும் ஆட்டோவில் போகும்போது கவனித்தேன். கணவர் முந்திரிக்கொத்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன். "டப்பாவுக்கு டப்பா குடுக்க வேண்டாமா?" என்றார். அப்போதும் எனக்கு அவர்மேல் கோபம்தான்.

அணுசக்தி நகரில் நினைத்தபடி உள்ளே போய்விட முடியாது. கேட்டில் நிறுத்தி, யார் வீட்டுக்கு, என்ன வேலை என்று ஹிந்தியில் கேட்டார்கள். கணவர் டப்பாவைக் காட்டி விளக்க ஆரம்பித்தார். அணுசக்தி நகர் கேட்டில் மூடிய எவர்சில்வர் டப்பாவை நீட்டி விளக்கம் சொல்லுகிற ஆள் அவராகத்தான் இருப்பார். காவலர் ஓரடி பின்னால் நகர்ந்தார். நல்ல வேளையாக அதற்குள் டெக்னீஷியன் அண்ணாச்சியே வந்துவிட்டார். கைலியும் பனியனுமாக, தூக்கம் கலையாத கண்ணோடு ஓடி வந்திருந்தார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"டீச்சர், டப்பா வீட்ல இல்ல. எனக்குச் சுகர் இருக்குல்லா, வருசா வருசம் எடுத்து செம்பூர்ல ஒரு கடைக்காரர் வீட்டுக்குத்தான் குடுப்பேன். நம்ம ஊர்க்காரங்கதான், கோயிலுக்குப் போறவங்க. வார வழியில அங்கன குடுத்துட்டு வந்துட்டேன்."

"திறந்து பாத்தீங்களா அண்ணாச்சி?"

"இல்லம்மா. லேசா இருந்துச்சு. டீச்சருக்குப் பள்ளிக்கூடத்துல வேல ஜாஸ்தி போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

அதே கைலியோடு அவரும் எங்கள் ஆட்டோவில் ஏறினார். செம்பூர் போய்ச் சேரும்வரை என் தலைக்குள் படங்கள் ஓடின. அந்த வீட்டுப் பிள்ளைகள் திறந்திருப்பார்கள். முந்திரிக்கொத்து இல்லாத ஏமாற்றத்தில் துணியை உதறியிருப்பார்கள். மெழுகை என்னவென்று தெரியாமல் குப்பையில் போட்டிருப்பார்கள். முனிசிபாலிட்டி வண்டி வந்திருக்கும். ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். வேறு வார்த்தை எதுவும் சேரவில்லை. எழுதத் தெரிந்தவளுக்கு அன்றைக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

கடைக்கு மேலே வீடு. கடைக்காரரின் மனைவி கதவைத் திறந்தார். டப்பா என்றதும் சிரித்த முகத்தோடு, "அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க அக்கா? காலி பண்ணி நானே குடுத்தனுப்ப மாட்டேனா?" என்றார்.

"திறந்துட்டீங்களா?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"எங்கக்கா திறக்க? இன்னைக்குச் சங்கடஹர சதுர்த்தில்லா. நிலாவப் பாத்துட்டுத்தான் வாயில எதுவும் வைப்பேன். உங்க முந்திரிக்கொத்தத் தின்னுதான் விரதம் முடிக்கணும்னு வச்சிருக்கேன். பிள்ளைகளுக்கு நாக்கு ஊறிப்போய்க் கிடக்கு. தொட்டா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லிட்டேன்." பேசிக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். "சாமிக்குப் படைச்சது வந்திருக்கேன்னு பூஜை அலமாரியில வச்சிட்டேன்."

பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் இருந்தது என் டப்பா. மூடியின் மேல் ஒரு செம்பருத்திப்பூ வைத்திருந்தார். முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கைப் பார்த்ததும் மெழுகு உருகியிருக்குமோ என்றுதான் முதலில் பதறினேன். டப்பாவை எடுத்து இரண்டு கையாலும் தடவிப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. தரையில் உட்கார்ந்து திறந்தேன். சேலைத் துணி நான் சுற்றியது சுற்றியபடி இருந்தது. கண்ணாடித் துண்டுகளில் ஒரு கீறல் இல்லை. மெழுகும் லேபில் கொடுத்தபடியே முழுசாக இருந்தது.

அந்த வீட்டின் தரையில் உட்கார்ந்து நான் அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. சந்தோஷம் தாங்காமல் அழுதேன். கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். கைலி அண்ணாச்சி கதவுப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். வீட்டுக்காரப் பெண் பயந்துபோய் என்ன என்று கேட்டார். சொன்னேன். இந்த முறை சொல்வது சுலபமாக இருந்தது.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அக்கா, நான் தெரியாம வெளக்கேத்தி கும்பிட்டுட்டேன். இந்த டப்பாவக் குடுத்த வீடு நல்லா இருக்கணும்னு கும்பிட்டேன். உங்களுக்கு ஒண்ணும் மனசுக்குச் சங்கடம் இல்லையே?"

இல்லை என்று தலையாட்டினேன். வேறொரு நாளாக இருந்தால் எனக்குள் இருக்கும் ஞாயிறு பள்ளி டீச்சர் எழுந்து ஏதாவது யோசித்திருப்பாள். அன்றைக்கு எனக்காக ஒரு பெண் பசியோடு வேண்டியிருக்கிறாள் என்பது மட்டும்தான் மனசில் நின்றது. கணவர் தன் டப்பாவை அவரிடம் நீட்டினார். "இதுதாம்மா நிஜ முந்திரிக்கொத்து. நிலா வந்ததும் சாப்பிடுங்க" என்றார். அந்த மனுஷனுக்கு இருக்கிற அறிவு சில நேரம் எனக்கு இல்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை, எங்களுக்குள் அந்தப் பழக்கம் கிடையாது. கையை விடவும் இல்லை.

வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடிக்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. நான் ஒளித்து வைத்ததைத்தான் என் கணவர் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்திருக்கிறார். ஐயர் அதன்மேல் கையை நீட்டி ஜெபிக்க, சபை முழுவதும் ஆமென் சொல்லியிருக்கிறது. இதில் குறை இருந்தால் நீக்கும் என்று ஐயர் சொன்னபோது அங்கே இருந்தது முந்திரிக்கொத்து இல்லை, என் சதை. நானே அதற்கு ஆமென் சொல்லியிருக்கிறேன். இதை என்னோடு சேர்ந்து சுமக்க யார் வருவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜனங்கள் அதற்குப் போட்டி போட்டுக் கைதட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

இனிப்பைத்தான் ஆண்டவருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று யார் எனக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். நல்லதைப் பளபளவென்று துலக்கி வைத்து, பயத்தை அலமாரியில் பூட்டி வைத்தேன். ஒரு துணிப்பொட்டலத்தின் கனம்தான் இருந்தது அந்தக் காணிக்கை. தூக்கியவர்கள் எல்லாருக்கும் லேசாக இருப்பது தெரிந்தது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை, அவளுக்கு முடியவில்லை போல என்று நினைத்துப் பேசாமல் ஏந்திக்கொண்டார்கள். மனுஷரே அப்படி என்றால் ஆண்டவரைப் பற்றி நான் இவ்வளவு நாள் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? அன்றைக்குக் கட்டியின் மேல் கையை வைத்து, பயமாக இருக்கிறது என்று முதல் தடவையாக அவரிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வரிசையில் எங்களுக்கு முன்னால் கைலி அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார், பேண்ட் சட்டையில். லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்து இடம் பிடித்து வைத்திருந்தார். "நான் டப்பாவ வேற வீட்டுல குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சி தூக்கமே வரல டீச்சர்" என்றார். டப்பாவிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தபோது கவுண்டரில் இருந்தவர் புருவத்தை உயர்த்தினார், ஒன்றும் கேட்கவில்லை. எத்தனையோ விதமான டப்பாக்களைப் பார்த்தவராக இருக்கும்.

முடிவுக்காகச் சில நாட்கள் காத்திருந்தோம். பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் இந்த முறை அது எனக்கு மட்டும் சொந்தமான பயமாக இல்லை. ஏலம் போடுகிற அண்ணாச்சி தினமும் போன் போட்டு, ஒன்றும் கேட்காமல், கடையில் இன்றைக்குப் புது அப்பளம் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வைப்பார். செம்பூர்ப் பெண் முந்திரிக்கொத்துக்குப் பக்குவம் கேட்டுக் கூப்பிட்டார். பிறகு ஒரு நாள், இளம் டாக்டர் ஒருவர் கணினியைப் பார்த்தபடியே, "சாதாரணக் கட்டிதான், கேன்சர் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒருதடவை செக்கப் பண்ணிக்குங்க" என்று ஹிந்தியில் சொன்னார். கணவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்னார். வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். எனக்குப் பசித்தது. அத்தனை நாளாகப் பசி என்றால் என்ன என்றே மறந்திருந்தேன். உடுப்பி ஹோட்டலில் நான் இரண்டு மசால் தோசை சாப்பிடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னேன். நல்ல செய்தியை மட்டும் சொல்லி உட்கார்ந்திருக்கலாம். பயந்ததை, ஒளித்ததை, ஆமென் போட்டு ஓடினதை எல்லாம் சொன்னேன். டப்பா கதைக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது பாடகர் குழுவில் பாடும் ஒரு பெண் என் கையைப் பிடித்துப் பின்பக்கத்து அறைக்கு இழுத்துப்போனாள். என்னிடம் படித்தவள். கல்யாணமாகி, ரயிலில் தூரமாகப் போகிற கல்யாண் ஊர்ப் பக்கம் குடிபோனவள். கைக்குழந்தைக்காரி.

"டீச்சர்" என்றாள். கதவைச் சாத்தினாள். என் கையை எடுத்துத் தன் மார்பின் ஓரத்தில் வைத்தாள். விரலுக்கு அடியில் அது இருந்தது.

"எப்ப இருந்து?"

"மழைக்கு முன்னாடி இருந்தே. பால் கட்டுன மாதிரின்னு நெனச்சேன். அவர்ட்ட சொல்லல. அம்மாட்ட சொல்லல. ஒருத்தர்ட்டயும் சொல்லல. நீங்க இன்னைக்குச் சொல்லலன்னா உங்ககிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். எனக்கு வந்த பதில் அவளுக்கும் வரும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. "நாளைக்கு நான் லீவு போடுதேன். காலையில உன் வீட்டுக்கே வாரேன். உன் மாப்பிள்ளைட்ட நாம ரெண்டு பேருமா உக்காந்து சொல்லுவோம். அப்புறம் நேரா டாக்டர்ட்ட போவோம்" என்றேன்.

"நெசமா வருவீங்களா டீச்சர்?"

"வருவேன்."

அவள் என் தோளில் சாய்ந்து மூச்சை விட்டாள். மழைக்கு முன்னாலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு அது.